லைன்ல ஆள் இருக்கு

சோணைக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை எண்ணினால் ஒரு கை விரலே மிச்சம். அதிலும் வாயில் ஓயாமல் புழங்கியது ஒன்றுதான். லைன்.

குடியிருந்தது லைன் வீடு. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பின்னால், ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே பன்னிரண்டு வாசல். பார்த்தது லைன் வேலை. கரண்டுக் கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, கம்பி மேல் சாய்கிற கிளையை வெட்டுவது. காலையில் குழாயடியில் குடத்தை வைத்து நிற்பது லைன். மண்ணெண்ணெய்க்கு நிற்பதும் லைன். ஒத்தக்கடைப் பக்கம் ஓடுகிற பஸ்ஸைக் கண்டக்டர்மார் மேலூர் லைன் என்பார்கள். நாலு வருசத்துக்கு முந்தி மகள் ஜெயக்கொடி பம்பாய்க்கு ரயிலேறிப் போனாளே, அது போன வழியும் லைன்தான்.

முதியோர் கல்வி வாத்தியார் ஒருநாள் வகுப்பில் கேட்டார்: "லைன் லைன்னு ஆளாளுக்குச் சொல்றீங்களே, லைன்னா என்ன?"

ஒருவர் கோடு என்றார். ஒரு அம்மா வரிசை என்றாள். பின்னால் இருந்தவர், "பொம்பளப் பிள்ளை பின்னாடி சுத்துறது சார்" என்றார். வகுப்பே சிரித்தது.

சோணை முறை வந்தது. "தொட்டா ஆளு காலி சார்" என்றார்.

வாத்தியாருக்கு அதுவும் சரி என்றுதான் தோன்றியிருக்கும். "அம்புட்டும் லைன்தான். இப்ப நோட்டுல ரெண்டு லைனுக்கு நடுவுல எழுதுங்க, வெளிய போகாம" என்றார்.

நாற்பத்தெட்டு வயதில் சோணை எழுதப் படிக்கப் போனது கல்வி மேல் ஆசைப்பட்டு அல்ல. மகளிடமிருந்து வந்த முதல் கடிதத்தால்தான்.

அந்தக் கடிதத்தை அடுத்த வீட்டு விருமாண்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். விருமாண்டி கோர்ட்டில் டவாலி. வாசலில் நின்று கட்சிக்காரன் பேரை மூன்று தரம் கூப்பிடுகிற வேலை. அவருக்கு மெல்லப் பேசவே வராது. கோர்ட்டு வராந்தாவில் நிற்பது மாதிரி நின்று கடிதத்தைப் படித்தார். 'அம்மா செத்த மறுநாள் அடுப்பங்கரையில பானைக்குப் பின்னாடி உக்காந்து நீங்க அழுததை நான் பாத்தேன் அப்பா. பாக்காத மாதிரி போயிட்டேன்' என்று அதில் எழுதியிருந்தது. பன்னிரண்டு வீடும் கேட்டது. மறுநாள் குழாயடியில் பெண்கள் சோணைக்கு முதலில் தண்ணீர் பிடிக்க வழிவிட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அந்த மாதமே நோட்டு வாங்கினார்.

ஜெயக்கொடி சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். பையன் பம்பாயில் ஓட்டல் வேலை பார்ப்பவன், திருநெல்வேலிக்காரன். ரயிலேறும் அன்று ஆள் விட்டு, ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கேட்டாள். சோணை போகவில்லை. "எனக்கு மகளே இல்லைன்னு சொல்லு" என்று வந்த ஆளிடம் சொல்லிவிட்டார். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தார். அதற்கப்புறம் வேலைக்குச் சேர்ந்த இந்த லைன் கேங்கில் யார் கேட்டாலும், "எனக்கு யாரும் இல்லப்பா, ஒத்த ஆளு" என்பார். முதலில் வீம்புக்குச் சொன்னது. நாலு வருசத்தில் அதுவே நிசமாகிவிட்டது. மகளும் வருசத்துக்கு ஒரு கடிதம் போடுவாள்; அனுப்புநர் என்று போட்டிருக்கிற இடத்தில் 'ஜெ' என்று ஒரு எழுத்து மட்டும் இருக்கும். விலாசம் எழுத மாட்டாள். அவளும் சோணை மகள்தானே.

இந்தப் புரட்டாசியில், ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் வந்த கடிதத்தை அவரே பிரித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'அப்பாவுக்கு. எனக்கு இது ஏழாம் மாசம். அவுக வீட்டுல திருநெல்வேலிக்கு வரச் சொல்றாக. எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்னு இருக்கு. நீங்க வான்னு சொன்னா வாரேன். புதன்கிழமை பகல் பன்னெண்டு மணிக்கு அலீம் பாய் கடைக்கு ட்ரங்க் கால் போடுறேன். அந்த நம்பர் இன்னும் எனக்கு மறக்கல. வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுக்கணும். நீங்க கடைக்கு வரலேன்னா, வேண்டாம்னு சொன்னதா நெனச்சுக்கிறேன்.'

இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்க விளக்கைத் தூண்டிவிட்டார். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் முறை. தாய் சீனியம்மாள் போய்ச் சேர்ந்து ஐந்து வருசம் ஆகிவிட்டது. ஆனாலும் மகள் கேட்கிறாள். 'வா' என்று ஒரு எழுத்து சொன்னால் போதும். பதில் எழுதவோ தந்தி அடிக்கவோ விலாசம் இல்லை. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அலீம் பாயின் இரும்புக்கடையில் இருந்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது.

ஆனால் புதன்கிழமை ஒத்தக்கடையில் வேலை. வயல்காட்டு வழியாகப் போகிற லைனை அன்றைக்கு ஆஃப் செய்து, மழைக்கு முன்னால் கிளை வெட்ட வேண்டும். ஆறு பேர் கேங். லீவு கேட்கலாம். கேட்டால் லைன்மேன் சேக் மைதீன் எதற்கு என்பார். மகள் பேசுகிறாள் என்று சொல்ல வேண்டும். நாலு வருசமாக யாருமில்லை என்று சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது? செவ்வாய்க்கிழமை மூன்று தரம் அவர் பக்கத்தில் போய் நின்றார். "என்ன சோணை?" என்று கேட்டார் மைதீன். "ஒண்ணுமில்லண்ணே, பீடி இருக்கா?" என்று கேட்டு வாங்கி வந்தார். அன்றைக்குச் சோணை மடியில் மூன்று பீடி சேர்ந்துவிட்டது.

புதன்கிழமை காலை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். கேங்கில் இளவட்டம் முத்திருளன் விடவில்லை.

"என்ன மாமா, சலவைச் சட்டை? பொண்ணு பாக்கப் போறீகளா? சொல்லியிருந்தா நானும் மாப்பிள்ளைத் தோழனா வந்திருப்பேன்ல."

"சும்மா வா மாப்ள."

"பொண்ணுக்குத் தங்கச்சி இருந்தாச் சொல்லுங்க."

ஊர் தாண்டி, யானைமலை பார்க்கிற பக்கமாக, சுவிட்சுக் கம்பம் நின்றது. கம்பத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி. கீழே இழுத்தால் லைன் ஆஃப். மேலே தள்ளினால் ஆன். மைதீன் இழுத்தார். தூரத்தில் பம்புசெட்டுகளின் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியது.

அப்புறம் அந்தக் கேங்கில் தினமும் நடப்பது நடந்தது. ஆறு பேரும் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒருவர் பின் ஒருவராகக் கைப்பிடியில் கட்டினார்கள். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். வேலை முடிந்து ஆறு துண்டும் அவிழ்ந்தால்தான் கைப்பிடி மேலே போகும். மந்திரியே வந்து சொன்னாலும் மைதீன் தள்ள மாட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. வேறொரு ஊரில், வேறொரு கேங்கில், சிவனாண்டி என்று ஒருத்தர். எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து கரண்டு விட்டபோது, அவர் மட்டும் கடைசிக் கம்பத்தில் இருந்தார். அன்றைக்குக் கைப்பிடியை மேலே தள்ளினது மைதீன் கை. அது தப்பில்லை, யாரோ கையைக் காட்டினார்கள், இவர் தள்ளினார் என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். மைதீனுக்கு அது முடியவில்லை. அதற்கப்புறம் வந்ததுதான் இந்தத் துண்டு கட்டுகிற வழக்கம்.

சோணையும் தன் பச்சைக்கரைத் துண்டைக் கட்டினார். அவருக்கு விழுந்த இடம் பதினேழாவது கம்பம். சுவிட்சிலிருந்து ஒரு மைல். நல்லகாமன் என்ற சம்சாரியின் கிணற்று மேட்டில், கம்பி மேல் சாய்ந்த வேம்பை அவர் தனியாகக் கழிக்க வேண்டும். மைதீன் சொன்னபோது சோணை மனசுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார். கிணற்று மேட்டுக்குப் பின்னால் ரோடு.

பத்தரைக்குள் வேம்பைக் கழித்துவிட்டார். அரிவாளையும் கஞ்சித் தூக்கையும் கிணற்றுத் திண்டில் வைத்தார். துண்டு நினைவு வந்தது. அவிழ்க்க ஒரு மைல் திரும்பிப் போக வேண்டும். போனால் மைதீனிடம் காரணம் சொல்ல வேண்டும். லைன் மூன்று மணிக்குத்தான் ஆன் ஆகும். பன்னிரண்டுக்குப் பேசினால் ஒன்றரைக்குத் திரும்பிவிடலாம். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. இவர் இல்லாததைத் தேட யார் இருக்கிறார்கள்?

வரப்பேறி, ரோட்டேறி, பஸ்ஸேறிவிட்டார்.

டவுனில் அப்துல் அலீம் கடையில் ஆணி, கயிறு, பெயிண்டு டப்பா, தாழ்ப்பாள். ஜெயக்கொடி கல்யாணத்துக்கு முந்தி இரண்டு வருசம் இங்கேதான் ஆணி நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். போன் மேசையில், பூட்டுப் போட்டு, கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

"என்ன சோணை, வேலைக்குப் போகலையா? தோள்ல துண்டக்கூடக் காணோம்?"

சோணை கை தானாகத் தோளுக்குப் போனது. "ட்ரங்க் கால் வருது பாய். பம்பாயில இருந்து" என்றார்.

அலீம் தராசை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நம்ம ஜெயக்கொடியா?"

அந்த 'நம்ம'வுக்கும் சேர்த்துச் சோணை தலையை ஆட்டினார்.

"உக்காருங்க. பன்னெண்டுக்குன்னு சொன்னா பன்னெண்டுக்கு வராது. லைன் கெடைக்கணும். லைன் கெடைச்சா நம்ம லைன் சும்மா இருக்கணும். உக்காருங்க, டீ சொல்றேன்."

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. போன் அடிக்கும்போதெல்லாம் சோணை எழுந்து நின்றார். ஒருத்தர் முள்வேலிக் கம்பி விலை கேட்டார். ஒருத்தர் தப்பு நம்பர். ஒன்றேகாலுக்கு அலீம் தொப்பியை எடுத்தார்.

"தொழுதுட்டு வந்துர்றேன். மணி அடிச்சா எடுங்க. இதக் காதுல, இத வாய்ல. யாரா இருந்தாலும் 'லைன்ல இருங்க'ன்னு சொல்லுங்க. பயப்படாதீங்க, ஷாக்கெல்லாம் அடிக்காது."

"அது தெரியும் பாய்."

தெரியும்தான். ஆனாலும் மணி அடித்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எடுத்தார். "திண்டுக்கல்ல இருந்து பேசுறேன். பாய் இருக்காரா? ரெண்டு இஞ்சு ஆணி..." என்றது குரல். "லைன்ல இருங்க" என்றார் சோணை, தெளிவாக. ரிசீவரை எடுத்து ஒரு சாக்கின் மேல் பக்குவமாகப் படுக்க வைத்தார். உள்ளே "அலோ, அலோ" என்று திண்டுக்கல் கத்திக்கொண்டே இருந்தது. பொறுமையில்லாத ஆள் என்று சோணை நினைத்துக்கொண்டார்.

அலீம் திரும்பி வர இருபத்தைந்து நிமிசம் ஆனது. சாக்கைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டார்.

"யா அல்லா! இத இப்படி எடுத்து வச்சா வெளியில இருந்து ஒரு கால் உள்ள வராதேய்யா!"

சோணைக்கு உடம்பு பூராவும் வேர்த்துவிட்டது. "அப்ப... இம்புட்டு நேரத்துல அவ கூப்பிட்டிருந்தா?"

"வராது."

"திரும்பக் கூப்பிடுவாகளா பாய்?"

அலீம் அவர் முகத்தைப் பார்த்தார். "கூப்பிடுவாங்க. ஆபரேட்டர் விடாது, திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கும்" என்றார். அது நிசமா, ஆறுதலா என்று சோணைக்குத் தெரியவில்லை.

இரண்டு அடித்தது. இரண்டரை. இப்போது எழுந்து பஸ் பிடித்தால் மூன்றுக்குள் துண்டிடம் போய்விடலாம். எழுந்தார். போன் சும்மா இருந்தது. உட்கார்ந்தார். மைதீன் கைப்பிடி பக்கத்தில் நின்று துண்டை எண்ணுவது கண்ணில் வந்தது. ஐந்து அவிழ்ந்துவிடும், ஆறாவது நிற்கும். ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லுவார்கள். அப்புறம், கிழவன் எங்கேயோ படுத்துத் தூங்கியிருப்பான் என்று துண்டை அவிழ்த்து வீசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நாளைக்கு வேலை இல்லை என்பார்கள். சொல்லட்டும். சோணை மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலுமணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது வந்தது. அலீம் எடுத்தார். "ஆமா... ஆமா, இருக்காரு, பக்கத்துலதான் இருக்காரு" என்று ரிசீவரை நீட்டினார்.

"சோணைங்களா?" ஒரு பெண் குரல். மகள் இல்லை, ஆபரேட்டர். "பம்பாய் கால். லைன்ல இருங்க."

"இருக்கேன் தாயி. காலையில இருந்து இருக்கேன்."

இரைச்சல். ஆத்தில் வெள்ளம் போகிற மாதிரி இரைச்சல். அதற்கு அந்தப் பக்கம், ரொம்பத் தூரத்தில், "அப்பா" என்று கேட்டது.

"ஜெயா!"

"அப்பா... கேக்குதா? அப்பா?"

"கேக்குது! வா! வா தாயி!"

"அப்பா, ஒண்ணுமே கேக்கலையே... அப்பா, வந்தீகளா?"

சோணை கத்தினார். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவருக்கு அவள் குரல் கேட்கிறது. அவளுக்கு இவர் குரல் போகவில்லை. மூன்று நிமிசம்தான் கணக்கு, அது கரைந்துகொண்டிருந்தது. அப்போது ஆபரேட்டர் பெண் நடுவில் வந்தாள்.

"சார், அவங்களுக்கு உங்க சத்தம் போகல. என்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

"வான்னு சொல்லும்மா."

"வாம்மான்னு சொல்றார் உங்க அப்பா" என்றாள் அவள், யாரோ முகம் தெரியாத பெண், சோணையின் சொல்லை எடுத்துக்கொண்டு போய். அந்தப் பக்கம் ஏதோ அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம். அப்புறம் ஆபரேட்டர் திரும்பி வந்தாள்.

"கேட்டுட்டாங்க சார். அங்க யாரு இருக்கான்னு கேக்கறாங்க."

"என்னம்மா?"

"அம்மா இல்லையாமே. பிரசவத்துக்கு வந்தா கூட இருக்க, பாத்துக்க, பொம்பளையாளு யாரு இருக்கான்னு அவங்க வீட்டுக்காரர் கேக்கறாராம். பேரைச் சொன்னா அவர் சரிம்பாராம்."

சோணை வாயைத் திறந்தார்.

பேர். ஒரு பேர் வேண்டும். பன்னிரண்டு வீட்டு லைனில், அந்த முதல் கடிதத்துக்கப்புறம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சொந்தத்தில் ஒரு வாசல் மிதித்ததில்லை. யாருமில்லை, யாருமில்லை என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த நாக்கில் ஒரு பேரும் ஏறவில்லை. போனுக்குள் வெள்ளம் மட்டும் இரைந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார்.

"யாரும் இல்லையா சார்?"

க்ளக் என்று ஒரு சத்தம். இரைச்சலும் போய்விட்டது. அலீம் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்து, மெதுவாக அதன் இடத்தில் வைத்தார். "மூணு நிமிசம் முடிஞ்சிருச்சு" என்றார்.

பஸ் ஒத்தக்கடையில் நிற்கும்போது வெயில் சரிந்துவிட்டது. ஊர் ஒரு மாதிரி இருந்தது. டீக்கடையில் ரேடியோ பாடவில்லை. மாவு மில் வாசலில் பெண்கள் கூடையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பம்புசெட் சத்தம் எங்கும் இல்லை.

"இன்னும் கரண்டு வரலையா?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார்.

"எங்க வர? லைன் வேலைக்கு வந்த ஆளு ஒண்ணக் காணோமாம். நல்லகாமன் கெணத்துல விழுந்துட்டாருன்னு எறங்கித் தேடுறாக. பாவம்."

"யாராம்?"

"சோணைன்னு யாரோ. வயசான ஆளாம்."

சோணை வரப்பில் இறங்கினார். கம்பம் கம்பமாக நடந்தார். கொஞ்ச தூரத்தில் அது காதில் விழுந்தது. கரும்புக்குள்ளிருந்து ஒரு குரல், வாய்க்கால் பக்கமிருந்து ஒரு குரல்: "சோணேய்... சோணை மாமோவ்..." கோர்ட்டில் விருமாண்டி மூன்று தரம்தான் கூப்பிடுவார், வராவிட்டால் கேஸ் கட்டை மூடிவிடுவார்கள். இங்கே மூன்று மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். குரல்கள் கம்மிப் போயிருந்தன. தன் பேரை இத்தனை பேர் வாயில் அவர் கேட்டதில்லை. பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

கிணற்று மேட்டில் கூட்டம். முத்திருளன் அப்போதுதான் கயிற்றைப் பிடித்து மேலேறி வந்திருந்தான். உடம்பெல்லாம் பாசி. பல் கிட்டிக்கொண்டிருந்தது. திண்டில் சோணையின் அரிவாளும் தூக்கும் வைத்தபடி இருந்தன, யாரும் தொடவில்லை. முத்திருளன்தான் முதலில் பார்த்தான். பேய் பார்த்த மாதிரி பார்த்தான்.

"யோவ் மாமா!" என்று கத்தினான். "நாலு தரம் முங்கிட்டேன்யா! அடி மண்ணைத் தொட்டுட்டு வாரேன்! ஒவ்வொரு தரமும் கையில தலமுடி சிக்குமோன்னு... நீரு சலவைச் சட்டையோட வாரீரு!"

அடிக்கத்தான் வந்தான். பக்கத்தில் வந்ததும் கையை என்ன செய்வது என்று தெரியாமல், ஈரத்தோடு சோணையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கிணற்றுக்காரர் நல்லகாமன் துண்டை உதறினார். "மூணு மணிக்குக் கரண்டு விடலேன்னு சண்டைக்கு வந்தவன்யா நானு. நாத்து காயுதுன்னு. வந்து பாத்தா அந்த லைன்மேன் பாய் கைப்பிடிய மறிச்சு உக்காந்திருக்காரு. 'லைன்ல ஆள் இருக்கு, என்னைய வெட்டிப்போட்டுட்டுத் தள்ளிக்க'ங்கிறாரு. அப்புறம் எங்கிட்டுப் போயி சண்டை போட? நானும் தேட வந்துட்டேன்."

எல்லாருமாக அந்த ஒரு மைலும் நடந்தார்கள்.

சேக் மைதீன் கம்பத்தில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி அவர் தலைக்கு மேலே இருந்தது. அதில் பச்சைக்கரைத் துண்டு ஒன்று மட்டும் தொங்கியது. சோணையைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. முட்டிமேல் இருந்த இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டார்.

"சப் ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு தரம் ஆள் வந்துச்சு" என்றார். "அவுத்துப் போட்டுட்டுத் தள்ளுன்னாக. லைன்ல ஆள் இருக்குன்னேன். எங்கய்யா ஆளுன்னாக. தெரியல, ஆனா இருக்குன்னேன்." துண்டைக் காட்டினார். "அவுத்துவிடு."

முடிச்சு வெயிலில் இறுகிப்போயிருந்தது. சோணை பல்லால் கடித்து அவிழ்த்தார். மைதீன் எழுந்து, கைப்பிடியில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மேலே தள்ளினார். தூரத்தில் நல்லகாமன் கிணற்றில் மோட்டார் இரைந்தது. ஊருக்குள் மாவு மில் ஓடத் தொடங்கிற்று.

"இப்பச் சொல்லு. எங்க போன?"

"மககிட்டப் பேசப் போனேன்."

"யாருமில்லைன்ன?"

அதற்கப்புறம் சோணை ஒன்றையும் மறைக்கவில்லை. ரயில், கடிதம், போன், சாக்கு மேல் படுத்திருந்த திண்டுக்கல் எல்லாம் சொன்னார். "வான்னு சொல்லிட்டேண்ணே. அது போயிச் சேந்துருச்சு. அங்க யாரு இருக்கான்னு கேட்டா. ஒரு பேரு, ஒரே ஒரு பேரு கேட்டா. எனக்கு வாய்ல வரல."

மைதீன் அவர் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுல பக்ருன்னிசா இருக்கா. நாலு பெத்தவ. எங்க தெருவுல பாதிப் பிள்ளைக அவ கையில விழுந்ததுதான். அவ கையால எத்தன நாளு சோறு தின்னுருக்க? அவ பேரு வரலையா உனக்கு?"

"எங்காத்தா ராக்கம்மா பேரு?" என்றான் முத்திருளன், நடுங்கிக்கொண்டே. "தீவாளிக்குத் தீவாளி உமக்குப் பலகாரம் குடுத்து விடுதே, அது யாரு, ஊர்க்காரியா?"

"பாலு வேணும்னா மாடு நம்மட்ட இருக்குப்பா" என்றார் நல்லகாமன். காலைவரை சோணையை அவருக்குத் தெரியாது.

சோணை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடுப்பங்கரைப் பானைக்குப் பின்னால் அழுததற்கப்புறம் இதுதான். மறைய இங்கே பானை இல்லை.

"நாளைக்கு வேலைக்கு வராத" என்றார் மைதீன். "காலையில டெலிபோன் ஆபீசுக்கு ரெண்டு பேருமாப் போவோம். எந்த நம்பர்ல இருந்து கால் வந்துச்சுன்னு சீட்டு எழுதி வச்சிருப்பாக. குடுப்பாகளோ மாட்டாகளோ, கேட்டுப் பாப்போம். வெள்ளிக்கிழமைக்குத்தான டிக்கெட்டு? ஒரு நாள் இருக்கு."

ஒரு நாள். மகள் புருசன் அதற்குள் திருநெல்வேலிக்கு எழுதிப் போட்டிருப்பானோ என்னவோ. அந்தப் பக்கம் அவள் என்ன நினைத்துக்கொண்டு போனை வைத்தாளோ. சொல்ல யாரும் இல்லை.

மற்றவர்கள் ரோட்டுக்குப் போனார்கள். சோணை அரிவாளையும் தூக்கையும் எடுக்கப் பதினேழாவது கம்பத்துக்குத் தனியாகத் திரும்பினார். கம்பி மேலே மெல்ல ரீங்காரம் போட்டது. காலையில் செத்துக் கிடந்த லைன். அதற்குக் கீழேயே நடந்தார். நாளைக்குப் போனில் திணறிவிடக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"பக்ருன்னிசா. ராக்கம்மா."

வயலில் கேட்க ஆள் இல்லை. இன்னொரு தரம், விருமாண்டி மாதிரி, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.